ஆள் நிற்கிறார் என்ற தைரியம்

மெரினா கடற்கரையில் கடலில் மூழ்கிச் சாகிறவர்களைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அங்கே உயிர்காக்கும் வீரர்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலே சாவுகள் நின்றுவிடும் என்ற தொனியில் அது முடிகிறது. ஆள் கூட்டுவது அவசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களைப் பார்த்ததும் நம் பயம் எப்படிக் குறைந்துவிடுகிறது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

போன மாதம் ஒரு ஞாயிறு மாலை. பக்கத்தில் ஒருவர் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, ஏழெட்டு வயது மகளின் கையைப் பிடித்து அலைக்குள் இறங்கினார். மனைவி "போதும், வாங்க" என்று கூப்பிட்டார். "அதான் அங்க ஆள் நிக்கிறாங்களே" என்று ஆரஞ்சு மிதவையோடு நின்றவரைக் கைகாட்டிவிட்டு, இடுப்பளவு தண்ணீர் வரை போய்விட்டார். விசில் சத்தம் கேட்டுத்தான் திரும்பினார். எனக்கு உயிர் போய் வந்தது.

கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் வேகமெடுத்தால் நொடிக்கு 2 மீட்டரைக்கூடத் தாண்டும். நன்றாக நீந்தத் தெரிந்தவரே எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவார். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் தண்ணீர் அமைதியாகத் தெரியுமே, பல நேரம் அதுதான் அந்த நீரோட்டம். குழந்தையோடு இறங்க நாம் தேடுவதும் அப்படிப்பட்ட இடத்தைத்தான்! மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்துவதில்லை, மூச்சு வாங்கவே நேரம் போதாது. அத்தனை தலைகளுக்கு நடுவே அந்த ஒரு தலையை வீரர் கண்டுபிடித்து, நீந்திப் போய்ச் சேர வேண்டும். மூச்சு நின்றால் சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படும்.

வீரர்கள் நிற்கும் இடத்திலேயே, நீரோட்டம் எப்படித் தெரியும் என்று படம் போட்டு ஒரு பலகை வையுங்கள். சிக்கினால் பதறாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.