ஓல்ஸா ஆற்றின் இரு கரைகள்

போலந்தின் 20 ஸ்வாட்டி பணத்தாளின் பின்புறத்தில் சிறிய வட்டக் கட்டடம் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். செக் எல்லையை ஒட்டிய செஷின் நகரில், கோட்டைக் குன்றின் மீது நிற்கும் புனித நிக்கோலஸ் தேவாலயம் அது. நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கற்கட்டடங்களுள் ஒன்றான அதன் சுவர், மேல்மாடத்துக்கு ஏறும் குறுகிய படிகளையே தனக்குள் அடக்கிக்கொள்ளும் அளவுக்குத் தடிமனானது. அருகிலேயே பியாஸ்ட் குலத்துப் பிரபுக்களின் கோபுரமும் உண்டு. அந்தக் குலத்தின் ஆட்சி இங்கே 1653 வரை நீடித்தது.

இவை போற்றத்தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் செஷினின் முதன்மையான வரலாற்றுச் சின்னம் குன்றுக்குக் கீழே ஓடும் ஓல்ஸா ஆறுதான் என்பது என் உறுதியான கருத்து.

ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு சரிந்தபின், இந்தப் பகுதிக்காகப் போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் 1919 ஜனவரியில் ஒரு வாரம் போரிட்டன. மக்களிடமே வாக்கெடுப்பு நடத்துவதாகச் சொன்ன வல்லரசுகள் அதை நடத்தவேயில்லை. 1920 ஜூலை 28 அன்று, முதல் உலகப் போரில் வென்ற நாடுகளின் தூதர்கள் மாநாடு ஆற்றையே எல்லையாக அறிவித்தது. கோட்டையும் பழைய நகரமும் போலந்துக்கு. ரயில் நிலையம் இருந்த மேற்குக் கரை செக்கோஸ்லோவாக்கியாவுக்கு. ரயில் நிலையத்திலிருந்து பாலத்தைக் கடந்து நகருக்குள் 1911 முதல் ஓடிவந்த டிராம், 1921இல் நின்றுபோனது. ஊரைக் கூறுபோட்டவர்களில் எவரும் அந்த டிராமில் அன்றாடம் போய்வந்தவர்கள் அல்லர் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது.

அந்தக் காயத்தைக் காரணம் காட்டி, 1938இல் எல்லைப் பகுதிகளை ஜெர்மனிக்குத் தாரைவார்த்த முனிக் உடன்படிக்கையால் செக்கோஸ்லோவாக்கியா நிலைகுலைந்திருந்த வேளையில் போலந்து மேற்குக் கரையைப் பறித்துக்கொண்டதையும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஓராண்டுகூட அது நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பழைய கோடே திரும்பியது.

2007 டிசம்பர் 21 அன்று இரு நாடுகளும் ஷெங்கன் ஏற்பாட்டில் சேர்ந்தபின், பாலத்தில் கடவுச்சீட்டுச் சோதனை ஒழிந்தது. ஒரு கரையில் குடியிருந்து மறு கரையில் வேலை பார்ப்பது மீண்டும் இயல்பானது. ஆனால் 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லை மூடப்பட்டபோது அதே பாலங்களில் மறுபடியும் தடுப்புகள் முளைத்தன. அப்போது போலந்துக் கரையில், செக் நண்பனைப் பிரிந்து ஏங்குவதாக எழுதிய துணிப் பதாகை ஒன்று தொங்கியது. சில நாட்களில் எதிர்க்கரையிலிருந்து, தானும் அப்படியே ஏங்குவதாகப் பதில் பதாகை வந்தது.