அவன் நிற்கவில்லை, நிறுத்தினார்கள்

எங்கள் ஊர்ப் பள்ளி வைத்திருக்கும் பதாகையின் படத்தை நேற்றிலிருந்து பத்துப் பேராவது எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பத்தாம் வகுப்பில் 100 விழுக்காடு தேர்ச்சியாம். கும்பிட்டபடி தாளாளர், அவருக்குக் கீழே வரிசையாகப் பிள்ளைகள். சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிய ஒரு பையனையும் சேர்த்து வகுத்தால் எத்தனை விழுக்காடு வரும் என்று கேட்டதற்குத்தான், நான் ஊர்ப் பள்ளியின் பெயரைக் கெடுப்பவனாகிவிட்டேன்.

தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். எட்டாம் வகுப்போடு அதன் துணை முடிந்துவிடுகிறது. நலிந்த பிரிவினருக்கு அச்சட்டம் தரும் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கும் இலவசம் அதுவரைதான். ஒன்பதாம் வகுப்பில் வடிகட்டுவதற்கு இதைவிட என்ன வசதி வேண்டும்? வடிகட்டிவிட்டு, அவன் ‘இடைநின்றான்’ என்று பதிவேட்டில் எழுதுகிறோம். அவன் எங்கே நின்றான்? நிறுத்தினார்கள்.

என் தம்பிக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரியும். அதற்குக் கற்றல் குறைபாடு என்று பெயர் உண்டு என்பதை நாங்கள் அறிந்தபோது அவனுக்கு முப்பது வயது. ஒன்பதாம் வகுப்பில் தலைமையாசிரியர் அப்பாவை அழைத்து, நீங்களாகக் கேட்டு டி.சி. வாங்கிக்கொண்டால் நடத்தை ‘நன்று’ என்று எழுதித் தருகிறேன் என்றார். அப்பா நன்றி சொல்லி வாங்கி வந்தார். அடுத்த மாதமே தம்பி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடி வேலையில், அதாவது தையல்காரருக்கு உதவியாளாக, இருந்தான். இப்போது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குறைபாட்டையும் ஏற்று, 18 வயது வரை இலவசக் கல்வி என்கிறது. குறைபாடு 40 விழுக்காடாவது இருக்கிறது என்று சான்றிதழ் வாங்க முடிந்தவர்களுக்கு அது உதவும். அப்படி ஒன்று இருப்பதை முதலில் யாராவது பெற்றோரிடம் சொல்ல வேண்டும்.

தேர்ச்சி குறைந்தால் ஆசிரியரைத்தானே விளக்கம் கேட்கிறார்கள் என்பீர்கள். உண்மை, அந்த நெருக்கடியை நான் மறுக்கவில்லை. எல்லோரையும் வைத்துக்கொண்டால் தரம் கெட்டுவிடும் என்பவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுமை இன்று எனக்கில்லை. பையனே படிக்க மாட்டேன் என்றானே என்பவர்களிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன்: ஓராண்டு முழுவதும் கடைசி வரிசையில் பேசாமல் உட்காரவைக்கப்பட்ட 14 வயதுப் பிள்ளை வேறு என்ன சொல்வான்?

நேற்றிரவு தம்பியும் அந்தப் படத்தைப் பார்த்தான். எழுத்துகளை விட்டுவிட்டு முகங்களை எண்ணினான். “வகுப்பில் இத்தனை பேர்தானா அண்ணா?” என்றான்.