ஃப்ரெட் நம்பர் மட்டும் குடுத்தா கன்ட்ரி கிட்டார் வந்துடுமா?

கன்ட்ரிங்கற அமெரிக்க இசைப் பாணியில கிட்டார் லிக், அதாவது சின்ன வாசிப்புத் துணுக்கு, சொல்லித் தர்றேன்னு வர்ற புக்கு, வீடியோ எதைத் திறந்தாலும் ஒரே கூத்துதான். ஆறு கோடு, கோட்டு மேல நம்பர். கோடு ஸ்ட்ரிங், நம்பர் ஃப்ரெட், அதாவது கிட்டார் கழுத்துல எத்தனாவது கட்டம்னு; இதுக்குப் பேரு டேப் (tab). இடது கை எங்க அமுக்கணும்ங்கறது துல்லியமா இருக்கும். வலது கைக்கு ஒரு வரி கிடையாது. ரசத்துக்குப் புளி எவ்வளவு, மிளகு எவ்வளவுன்னு எழுதிட்டு, நுரை கட்டுனதும் இறக்கணும்ங்கறதை விட்டுட்ட சமையல் குறிப்பு மாதிரி. அட, இந்த இசையில பாதி சமாச்சாரம் வலது கையிலதானேய்யா இருக்கு!

கோழி கொக்கரிக்கற மாதிரி வாசிக்கற சிக்கன் பிக்கிங்கை எடுத்துக்கங்க. ஜேம்ஸ் பர்ட்டன், ராய் நிக்கல்ஸ் மாதிரி கிட்டார் ஆளுங்க டெலிகாஸ்டர்ங்கற எலக்ட்ரிக் கிட்டார்ல கொண்டுவந்த அந்தக் கொக்கரிப்பு எப்படி வருது? வலது கை நடுவிரல் நுனி ஸ்ட்ரிங்கைத் தொட்டுக்கிட்டு இருக்கும்போதே பிக், அதாவது விரல்ல பிடிக்கற சின்ன வில்லை, அதே ஸ்ட்ரிங்கை அடிக்கணும். சுரம் வராது, 'டிக்'னு செத்த சத்தம்தான் வரும். உடனே அந்த நடுவிரலே ஸ்ட்ரிங்கை வெளியே இழுத்து விடணும், அது ஃப்ரெட்ல போய் சுளீர்னு அறையும். டிக், சுளீர், டிக், சுளீர். இதுக்கு டேப்ல என்ன இருக்கும்? ஒரு பெருக்கல் குறி, பக்கத்துல ஒரு 5. அதைப் பாத்து எல்லாத்தையும் பிக்காலயே மேலயும் கீழயும் அடிச்சா சுரமெல்லாம் சரியா இருக்கும், கேக்க ராக் மாதிரி இருக்கும். அப்புறம் "ஃபீல் பத்தல"ன்னு உபதேசம் வேற. ஃபீலாம் ஃபீல்! இது பிக், இது நடுவிரல், இது மோதிர விரல்னு நம்பருக்குக் கீழ ஒரு எழுத்து போட்டா என்ன கொறஞ்சுடும்?

பெடல் ஸ்டீல் பெண்ட், அதாவது பெடல் ஸ்டீல்ங்கற வாத்தியம் மாதிரி சுரம் வழுக்கி ஏற ஸ்ட்ரிங்கைத் தள்ளி வளைக்கறது, இன்னும் மோசம். டி மேஜர் கார்டு (சேந்து ஒலிக்கற சுரக் கூட்டம்): மூணாவது ஸ்ட்ரிங் 9வது ஃப்ரெட்ல மோதிர விரல், முதல் ரெண்டு ஸ்ட்ரிங்குக்கும் 10வது ஃப்ரெட்ல சுண்டு விரலைப் படுக்க வைக்கணும். மூணையும் சேத்து அடிச்சுட்டு மூணாவதை மட்டும் முழு டோன் ஏத்தணும். ஈ ஏறி எஃப் ஷார்ப் ஆகும். புக்கு இங்கயே கையைக் கழுவிடும். எந்தப் பக்கம் தள்ளணும்? நாலாவது ஸ்ட்ரிங் பக்கம்தான்; கீழ இழுத்தா ரெண்டாவதுல போய் இடிக்கும். நடுவிரல் 8வது ஃப்ரெட்ல முட்டுக் குடுக்கலைன்னா தெம்பு பத்தாது. ஏத்துற சுரம் அந்தக் கார்டோட காந்தாரம், துளி குறைஞ்சாலும் மொத்தமும் புளிச்சுடும். அதனால முதல்ல 11வது ஃப்ரெட்டை அடிச்சு, எங்க போய் நிக்கணும்னு காதுல வாங்கிக்கணும்.

ட்ரெமலோ பிரிட்ஜ், அதாவது ஸ்ட்ரிங் மாட்டுற ஆடுற பாலம், மிதக்குற கிட்டார்ல இன்னொரு கண்டம். ஒரு ஸ்ட்ரிங்கை ஏத்தினா மத்த ரெண்டும் சுருதி இறங்கிடும். பின்னாடி ஸ்பிரிங்கை இறுக்கி பிரிட்ஜை உடம்போட ஒட்ட வைக்காம எத்தனை வருஷம் சாதகம் பண்ணாலும் சேராது. அக்கூஸ்டிக்ல மூணாவது ஸ்ட்ரிங் பெரும்பாலும் சுத்துக் கம்பி, அதாவது மேல இன்னொரு கம்பி சுத்துன தடிக் கம்பி, அதுல முழு டோன் ஏத்தறது விரலுக்குத் தண்டனை. பர்ட்டன் மெல்லிசான பேஞ்சோ ஸ்ட்ரிங்கை எடுத்து மாட்டுனது சும்மாவா?

ஓபன் ஸ்ட்ரிங், அதாவது அமுக்காம அடிக்கற ஸ்ட்ரிங், வர்ற லிக்குக்கு வாங்க. ஜி ஸ்கேல்ல டி, சி, பி, ஏ, ஜி-ன்னு இறங்கணும். ரெண்டாவது ஸ்ட்ரிங் 3, மூணாவது 5, ரெண்டாவது ஓபன், நாலாவது 7, மூணாவது ஓபன். பக்கத்துப் பக்கத்துச் சுரம் வேற வேற ஸ்ட்ரிங்ல விழுறதால ஒண்ணு மேல ஒண்ணு வழிஞ்சு பேஞ்சோ மாதிரி மினுங்கும். ஒரு புண்ணியவான் 'சுலபமாக்கறேன்'னு ரெண்டாவதுல 3, 1, ஓபன், மூணாவதுல 2, ஓபன்னு மாத்தி எழுதியிருப்பார். சுரம் அதேதான். மினுக்கம் போச்சு. விரலைச் சட்டுனு எடுக்காம விடுங்க, ஒலிக்கட்டும்னு ஒரு குறிப்பாவது? மூச்.

அந்தக் காலத்துல எல்பி ரெக்கார்டை நிமிஷத்துக்கு 33 சுத்துல இருந்து 16-க்கு இறக்கிக் கேட்டவங்களுக்கு வேகம் பாதியாகி, சரியா ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழயும் போயிடும். ஆனா அந்த 'டிக்' காதுல விழுந்துச்சு. இப்ப வீடியோவுல வாத்தியார் ஒரு தடவை முழு வேகத்துல காட்டுவார். "இப்ப மெதுவா"ன்னு ஆரம்பிச்சு, செத்த சுரத்தையெல்லாம் விட்டுட்டு வெறும் சுரத்தை வாசிப்பார். சத்தத்தோட ஏத்த இறக்கத்தைச் சமன் பண்ற கம்ப்ரஸர் போட்டிருக்கறதை வாயே திறக்க மாட்டார். கேமரா இடது கை மேலயே ஒட்டிக்கிட்டு நிக்கும். அதிசயமா வலது கை திரைக்குள்ள வந்துட்டா, சரியா அது மேல சப்ஸ்க்ரைப் பட்டன் வந்து உக்காந்துக்கும்.