கடைத்தெரு பேனரைக் கிழித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை மாலை அரசலாற்றுக் கரைச் சாலையில் நடந்ததையும் மறுநாள் காலை கடைத்தெருவில் நடந்ததையும் நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. நம் ஊர்க் குழுக்களில் இருக்கும் அனைவருக்கும் அந்தப் படங்கள் வந்து சேர்ந்திருக்கும். கரைச்சாலையில் வண்டியில் பறந்த பையன்கள் மோதியதில், புல்லுக்கட்டோடு வந்துகொண்டிருந்த அந்த அம்மாள் தஞ்சாவூர் மருத்துவமனையில் படுத்திருக்கிறார். நேற்றும் போய்ப் பார்த்து வந்தேன். கால் எலும்பு கூடிவிடும் என்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால், "வாத்தியாருக்கு அந்தம்மாளின் காலை விடப் பிள்ளையின் படம்தான் பெரிது" என்று கீழே எழுதச் சிலர் காத்திருப்பார்கள்.

ஆனால் இந்தப் பதிவு அந்தப் படத்தைப் பற்றியதுதான். தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தில், புதுமுகங்களுக்கான 165 சிசி பிரிவில் என் மகன் மூன்றாவதாக வந்ததற்கு அவனுடைய நண்பர்கள் வைத்த பேனர் அது. நான் வைக்கச் சொல்லவில்லை. காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில் என் பிள்ளையின் முகம் நிற்பதைப் பார்த்து எனக்குக் கூச்சமாகவே இருந்தது. திங்கட்கிழமை காலையில் பால் வாங்கப் போனபோது முகம் இருந்த பாதி கிழிக்கப்பட்டிருந்தது. கோப்பை இருந்த பாதி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அன்று மாலைக்குள் அவன் தோலுடையில் நிற்கும் படத்தை, கரைச்சாலையில் நொறுங்கிக் கிடந்த வண்டியின் படத்தோடு ஒட்டி, "இவனுங்களுக்குப் பேனர் வேற" என்று ஒருவர் சுற்றுக்கு விட்டார். அதற்குக் கட்டைவிரல் காட்டியவர்களில் மூன்று பேர் என்னிடம் படித்தவர்கள். பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு உவமையணி நடத்தியவன் நான்தான் என்பதால், எதை எதோடு ஒப்பிடலாம் என்பதைச் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

பந்தயம் வேறு, சாலையில் பறப்பது வேறு. இதை இந்தப் பதிவில் பல முறை சொல்லப் போகிறேன். வகுப்பில் ஒரு முறை சொல்லி யாருக்கும் புரிந்ததில்லை.

எனக்கும் இது வெகு காலம் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு ஆண்டுகளாக, "தம்பி என்ன பண்றான்?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "சென்னையில் ஒரு கம்பெனியில் இருக்கிறான்" என்றுதான் சொல்லி வந்தேன். அவன் ஒரு வண்டிப் பட்டறையில் வேலை பார்த்து, அதில் மிஞ்சுவதை டயருக்கும் பிரேக் கட்டைக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் கொட்டுகிறான் என்பதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. மனைவியின் சங்கிலி போன ஆடிக்கு முந்தைய ஆடியில் அடகுக் கடைக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை. அதைக் கூடக் கொள்முதல் பணம் வரத் தாமதம் என்று சொல்லித்தான் சமாளித்தேன். இந்தச் சுற்றுக்கு மட்டும், "ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுத் திட்டுங்கள் அப்பா" என்று அவன் சொன்னதால் இரவுப் பேருந்தில் ஏறித் தாம்பரத்தில் இறங்கி, வண்டலூர் வழியாக இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் வண்டிகளைப் பரிசோதித்தார்கள். நான் கற்பனை செய்திருந்த கூச்சலும் குடியும் அங்கே இல்லை. தேர்வுக் கூடத்தின் வாசல் போல இருந்தது. பரிசோதித்தவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எஞ்சினின் அடியில் எண்ணெய் வடிக்கும் போல்ட்டைப் பார்த்தார். அந்த போல்ட் ஓட்டத்தில் கழன்று எண்ணெய் தரையில் சிந்திவிட்டால் பின்னால் வருகிறவன் விழுவான் என்பதற்காக, அதன் தலையில் துளையிட்டு மெல்லிய கம்பியை நுழைத்து முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அதற்கு லாக் வயர் என்று பெயராம். அவர் அதைச் சுண்டு விரலால் இழுத்துப் பார்த்து, முறுக்குத் தளர்வாக இருக்கிறது, மாற்றிக் கட்டி எடுத்து வா என்று சொல்லிவிட்டார். பிறகு ஹெல்மெட்டைத் திருப்பி, எங்காவது விழுந்த தடம் இருக்கிறதா என்று விரலால் தடவினார். பின்னால் வருகிறவன் விழக்கூடாது என்பதற்காக ஒரு போல்ட்டுக்குக் கம்பி கட்டுகிறவர்களையும், எதிரே வருகிறவரைப் பார்க்காமல் கரைச்சாலையில் பறந்தவர்களையும் ஒரே படத்தில் ஒட்டியிருக்கிறீர்கள்.

அந்தப் பந்தய வண்டியில் முகப்பு விளக்கு கிடையாது, கண்ணாடி கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது. நினைத்தாலும் அதைச் சாலையில் ஓட்ட முடியாது. பட்டறையிலிருந்து டாடா ஏசில் ஏற்றித்தான் கொண்டு வந்தார்கள். 3.717 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்ட அந்தத் தடத்தைச் சென்னையின் மோட்டார் விளையாட்டு மன்றம் கட்டி, 1990இல் திறந்தது. 1953இல் தொடங்கப்பட்ட அந்த மன்றத்துக்காரர்கள் அதற்கு முன் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தினார்கள். ஆள் நடமாடாத இடமாகப் பார்த்துத் தேடிப் போயிருக்கிறார்கள். பந்தயம் வேறு, சாலையில் பறப்பது வேறு என்பது அவர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

சனிக்கிழமைப் பந்தயத்தில் இரண்டாவது சுற்றிலேயே இரண்டு பேர் உரசி விழுந்தார்கள். அதில் என் மகன் இருக்கிறானா என்பது தெரிய வந்த நேரத்தை நான் இங்கே எழுத விரும்பவில்லை. (அவன் இல்லை.) வளைவுக்கு வளைவு நின்றிருந்த கொடிக்காரர்கள் சிவப்புக் கொடியை எடுத்த அந்தக் கணமே, முறுக்கிக்கொண்டு போன இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வேகத்தைத் தணித்து, பின்னால் வருகிறவருக்குத் தெரியும்படி ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, வரிசையாகத் திரும்பி வந்தார்கள். 34 ஆண்டுகள் ஆசிரியராக இருந்திருக்கிறேன். ஒரு துண்டுத் துணிக்கு இப்படிக் கீழ்ப்படிந்த பிள்ளைகளை நான் கண்டதில்லை. விழுந்தவர்களிடம் ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்த நேரத்தில், நம் கரைச்சாலையில் முதல் ஆள் கைபேசியை எடுத்துப் படம் பிடிக்கக் கூட ஆரம்பித்திருக்க மாட்டார்.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன். "உங்கள் பிள்ளையைப் பார்த்துத்தானே அந்தப் பையன் கெட்டுப்போனான்?" என்று நேரிலேயே கேட்டார்கள். கரைச்சாலையில் வண்டியை ஓட்டிய அந்தப் பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். அவனுக்கு அந்த வண்டியை வாங்கிக் கொடுத்தது என் மகன் அல்ல. பதினெட்டு வயது நிறையாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றவருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு 2019 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அரசின் எழுத்துப்பூர்வமான இசைவு இல்லாமல் பொது இடத்தில் வேகப் போட்டி நடத்துவதையே 189ஆம் பிரிவு தண்டனைக்குரியதாக வைத்திருக்கிறது. சட்டத்துக்கு வித்தியாசம் தெரிகிறது. நம் குழுவுக்குத்தான் தெரியவில்லை. மூன்று பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு, ஒரு வழிப் பாதையில் எதிரே வந்து, "உங்க பையனைக் கண்டிச்சு வைங்க சார்" என்று அறிவுரை சொன்ன அன்பருக்கும் என் வணக்கம்.

"அது பணக்காரர்கள் விளையாட்டு, நமக்கு எதற்கு?" என்றார் இன்னொருவர். அடகுக் கடைச் சீட்டைக் காட்டவா?

"விளையாடுவதானால் கபடி விளையாடலாமே?" என்கிறவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது, இதே கடைத்தெருவில் சரவெடி வெடித்தது. எனக்கு அவர்மீது குறையேதும் இல்லை. அவரும் இளமையில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டியவர்தான். துபாயில் மூன்றாவது இடம் என்றால் தமிழனின் பெருமை, இருங்காட்டுக்கோட்டையில் மூன்றாவது இடம் என்றால் பொறுக்கித்தனம். இந்தக் கணக்கை எனக்கு யாராவது போட்டுக் காட்டினால் நன்றாக இருக்கும்.

"அங்கேயும் சாகிறார்களே?" என்றும் கேட்கிறீர்கள். ஆம். 2023 ஆகஸ்டில் அதே தடத்தில், இதே தேசியப் போட்டியின் ஒரு சுற்றில், பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். அந்த வார இறுதியின் மீதிப் பந்தயங்களை நிறுத்தினார்கள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்ததற்குப் போகிறேன்.

போக முடியவில்லை. இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்து வந்தேன். பிள்ளை விழுவது என்றால் என்னவென்று தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். என் மகன் இதுவரை பட்ட பெரிய காயம் காறை எலும்பு முறிந்ததுதான். அது பந்தயத் தடத்தில் பட்டதல்ல. மூன்று புரட்டாசிக்கு முன், குறுவை அறுப்பு நேரத்தில், நம் ஊர்ச் சாலையிலேயே, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கூடப் போகாதபோது, காயப் போட்டிருந்த நெல்லில் முன் சக்கரம் வழுக்கி விழுந்தான். அந்த நெல் என்னுடையது.

மழை வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் கையை விரித்துவிடுவார்கள். களம் இல்லாதவன் தார்ச்சாலைக்குத்தான் வருவான். சாலையில் பாதியை மறித்துக் கொட்டி, ஓரத்தில் கருங்கற்களை அடுக்கி, நான்தான் காலால் கிளறிக்கொண்டிருந்தேன். எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தவன் என் கண் முன்னால் விழுந்தான். தூக்குவாளி உருண்டு போய்ச் சாம்பார் முழுக்க நெல்லில் கொட்டியது. நான் அவனைத் தூக்குவதற்கு முன் நெல்லைப் பார்த்தேன். இதை அவன் கவனித்தானா என்று இன்று வரை நான் கேட்டதில்லை.

பந்தயத் தடத்தில் மஞ்சளில் சிவப்புப் பட்டைகள் போட்ட ஒரு கொடி இருக்கிறது. தரை வழுக்குகிறது, பார்த்து வா என்று அதற்குப் பொருள். அந்தப் பந்தய வார ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தூறல் விழுந்தபோது அதைக் காட்டினார்கள். பக்கத்தில் நின்ற பையனிடம் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, கொஞ்ச நேரம் என்னால் தடத்தைப் பார்க்க முடியவில்லை. மதியம் வெயில் அடித்தது; அந்தப் பந்தயத்தில்தான் மூன்றாவதாக வந்தான். கடைசிச் சுற்றில் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால், எப்படி வந்தான் என்று என்னிடம் கேட்காதீர்கள். இந்த விளையாட்டு எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. பிடிக்காததை மதிக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

அந்த அம்மாளின் மருத்துவச் செலவுக்கு என் மகன் பரிசாக வாங்கி வந்த தொகையை அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். இதை எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தான், எழுதிவிட்டேன். குற்ற உணர்ச்சியால் கொடுத்தான் என்று இதற்கும் ஒரு படம் ஒட்டிச் சுற்றுக்கு விடுவீர்கள், விடுங்கள். அவர் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர், சின்ன வயதில் இவனை இடுப்பில் வைத்திருந்தவர், அதனால் கொடுத்தான்.

பேனரைக் கிழித்தது யார் என்று எனக்குத் தெரியும். காவல் நிலையத்துக்குப் போகச் சொல்கிறார்கள், போகப் போவதில்லை. மீதிப் பாதியை நானே கழற்றி மடித்து வைத்துவிட்டேன். அதைக் கட்டியிருந்த நான்கு சவுக்குக் கம்புகளும் பந்தல்காரருடையவை. அவை எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. அடுத்த காதுகுத்துக்குத் தேவைப்படும் என்றால் அவர் வந்து எடுத்துக்கொள்ளலாம்.