கரடி தேனை 'அறிந்தவன்' அல்ல

ரஷ்ய மொழியில் கரடியைக் குறிக்கும் 'மெத்வேத்' என்ற சொல்லுக்குத் 'தேனை அறிந்தவன்' என்று பொருள், அதிலுள்ள 'வேத்' நம் 'வேதம்'தான் என்றொரு விளக்கம் உலவுகிறது. கேட்க இனிக்கிறது, ஆனால் தவறு.

ரஷ்யன், செக், போலிஷ் போன்ற ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் தாயான மூல ஸ்லாவியத்தில் இச்சொல்லுக்கு மொழியியலாளர்கள் மீட்டமைத்த வடிவம் 'மெத்வேதி'. அது தேனைக் குறிக்கும் 'மெது', உண்பதைக் குறிக்கும் 'ஏத்' இரண்டும் சேர்ந்த சொல், அதாவது, 'தேனுண்ணி'. இடையில் வரும் 'வ்' உகரம் திரிந்ததால் பிறந்தது. மனு + அந்தரம் மன்வந்தரம் ஆகிறதே, அதே கதைதான். ரிக் வேதத்திலேயே தேனுண்ணும் பறவைகளுக்கு 'மத்வத்' (மது + அத், அதுவும் 'தேனுண்ணி'தான்) என்ற அடைமொழி உண்டு.

அறிதலைக் குறிக்கும் ஸ்லாவிய 'வேத்' வேருக்கும் வேதத்துக்கும் உறவு இருப்பது மெய்தான். கரடிக்குத்தான் அதில் பங்கில்லை.

செக் மொழியில் இச்சொல் 'மெத்வ்யெத்'. போலிஷில் முதல் மகரம் நகரமானது. உக்ரைனியத்தில் அசைகளே இடம் மாறி 'வெத்மித்' ஆகிவிட்டது.