ஹீட் பம்பைக் கழற்றச் சொல்லும் முன்னால் இதைப் படியுங்கள்

குளிர்காலம் வந்தால் போதும், இங்கிலாந்தில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளின் கரண்டு பில் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். இந்தத் தடவை என் தங்கச்சி வீட்டுப் பில்லும் வந்தது. அவள் அங்கே நர்ஸ். கேஸை எரித்து வீட்டைச் சூடாக்கும் பழைய கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு, வெளிக்காற்றில் இருக்கும் சூட்டைக் கரண்டால் உள்ளே இழுத்துத் தரும் ஹீட் பம்ப் வைத்த முதல் குளிர்காலம். ஜனவரிக்கு மட்டும் 300 பவுண்டைத் தாண்டிவிட்டது. உடனே மாமா, சித்தி, மார்த்தாண்டத்தில் இருக்கும் மச்சினன் வரைக்கும் எல்லாரும் ஒரே குரல்: "அந்த மிஷினைக் கழற்றிப் போட்டுட்டுப் பழையபடி கேஸுக்கே போ."

ஏசி வேலையும் ஐஸ் பிளாண்ட் வேலையும் பார்த்துப் பிழைக்கிறவன் நான். அதனால் இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. மிஷின் மேல் பழி போடுவது சுலபம். ஆனால் பில் ஏறியதற்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது, அதைப் பார்க்காமல் கழற்றினால் நஷ்டம் அவளுக்குத்தான்.

ஹீட் பம்ப் நமக்குப் புதிய சாமான் இல்லை. குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் தேங்காப்பட்டணத்திலும் மீனுக்கு ஐஸ் அடிக்கிற பிளாண்டில் ஓடுவதும் இதே சங்கதிதான். கம்பரசர், கண்டன்சர், நடுவில் சுற்றி வரும் ஏசி கேஸ் (அடுப்பில் எரிகிற கேஸ் இல்லை). தண்ணீரில் இருக்கும் சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளுகிறோம், தண்ணீர் ஐஸாகிறது. வெளியே தள்ளுகிற அந்தச் சூட்டை வீட்டுக்குள் அனுப்பினால் ஹீட் பம்ப். ஜூரிச் நகர மன்றக் கட்டடத்தை 1938லேயே இப்படித்தான் ஆற்றுத் தண்ணீரிலிருந்து சூடு எடுத்துக் கதகதப்பாக்கினார்கள். "குளிர் நாட்டில் இது ஓடாது" என்று ஒருவர் குழுவில் எழுதியிருந்தார். நார்வேயை விடக் குளிரான நாடு எத்தனை இருக்கிறது? அங்கே பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் ஹீட் பம்ப்தான்.

கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை, கீழே இருப்பதை மேலே ஏற்றுகிறது. தண்ணீர் ஆழத்துக்குப் போகப் போக, டேங்க் உயரம் ஏற ஏற, கரண்டு கூடுதலாக இழுக்கும். இங்கேயும் அப்படித்தான். வெளிக்காற்று 7 டிகிரி, அறைச் சுவரில் இருக்கும் வெந்நீர்ப் பலகையான ரேடியேட்டருக்குப் போகிற தண்ணீர் 35 டிகிரி என்றால் 1 யூனிட் கரண்டுக்கு 4 யூனிட் சூடு வரைகூடக் கிடைக்கும். வெளியே பூஜ்யம், தண்ணீர் 55 டிகிரி என்றால் இரண்டு, இரண்டரைதான் கிடைக்கும். அதோடு ஈரக் குளிரில் வெளியே நிற்கும் பெட்டியின் குழாய்ச் சுருளில் உறைபனி படியும். அதை உருக்க மிஷின் கொஞ்ச நேரம் திருப்பி ஓடும். அதற்கும் கரண்டுதான். வீட்டுக்கு அதிகச் சூடு தேவைப்படுகிற மாதமும் மிஷின் கஷ்டப்படுகிற மாதமும் ஒன்றாக வருவதால்தான் ஜனவரி பில் அப்படி நிற்கிறது. வருடம் முழுவதற்கும் கூட்டிப் பார்க்காமல் ஒரு மாதப் பில்லை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

அடுத்தது விலை. இதுதான் பெரிய விஷயம், குழுவில் ஒருவரும் பேசாத விஷயமும்கூட. இங்கிலாந்தில் வீட்டுக் கரண்டு யூனிட்டுக்குச் சுமார் 25 பென்ஸ், கேஸ் சுமார் 6 பென்ஸ். நாலு மடங்கு வித்தியாசம். கேஸ் பாய்லரில் கொஞ்சம் சூடு புகையோடு போய்விடும், ஆகவே 1 யூனிட் சூட்டுக்கு ஏறக்குறைய 7 பென்ஸ் விழும். ஹீட் பம்ப் ஒன்றுக்கு மூன்று கொடுத்தால் 8 பென்ஸுக்குக் கொஞ்சம் மேலே, நாலு கொடுத்தால் 6 பென்ஸை ஒட்டி. அப்போது, ஒன்றுக்கு மூன்றரைக்கு மேல் கிடைத்தால் லாபம், கீழே போனால் நஷ்டம். சுற்றுச்சூழலுக்காக விதிக்கும் கட்டணங்களில் பெரும்பகுதியை அந்த நாடு பல காலமாகக் கேஸ் பில்லில் போடாமல் கரண்டு பில்லில்தான் ஏற்றி வைத்திருந்தது. ஒரு பக்கம் ஹீட் பம்ப் வைக்க 7,500 பவுண்டு மானியம், இன்னொரு பக்கம் அதை ஓட்டுகிற கரண்டுக்கு இந்த விலை. இதைச் சரிசெய்யாமல் மக்களிடம் மாறு, மாறு என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

தங்கச்சி வீட்டுக்கு வருகிறேன். வீடியோ காலில் கண்ட்ரோலரைக் காட்டச் சொன்னேன். தண்ணீர் சூடு 55 டிகிரியில் நின்றது. வைத்துவிட்டுப் போன ஆள் பழைய பாய்லர் கணக்கிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். வெளிக் குளிருக்குத் தகுந்தபடி தண்ணீர் சூட்டைத் தானாகக் கூட்டிக் குறைக்கிற வசதி அந்த மிஷினில் இருக்கிறது, அதைத் திறக்கவே இல்லை. இவர்களும் வேலைக்குப் போகும்போது அணைத்துவிட்டு, ராத்திரி வந்து போட்டு, சீக்கிரம் சூடாக வேண்டும் என்று அறைச் சூட்டை 23 டிகிரி வைத்திருக்கிறார்கள். கேஸ் பாய்லருக்கு அது சரி. ஹீட் பம்புக்கு மெதுவாக, விடாமல் ஓடுவதுதான் நல்லது. அவசரப்படுத்தினால் உள்ளே இருக்கும் சாதாரண ஹீட்டர் காயில் போட்டுக்கொள்ளும், அது ஒன்றுக்கு ஒன்றுதான் கொடுக்கும்.

தண்ணீரை 45க்கு இறக்கி, அறையை நாள் முழுக்க 20 டிகிரியில் விடச் சொன்னேன். மாப்பிள்ளைக்கு நம்பிக்கையே இல்லை. "ராத்திரி பகலா ஓடினா பில் இன்னும் ஏறாதா அண்ணே?" என்றார். ஏறவில்லை. ஒன்றுக்கு இரண்டே கால் கொடுத்துக்கொண்டிருந்தது மூன்றை ஒட்டி வந்தது. மூன்றரைக்கு இன்னும் கொஞ்சம் பாக்கிதான், ஆனால் இது குளிர்காலக் கணக்கு. வடக்குப் பக்கத்து அறை மட்டும் குளிர்கிறது, அங்கே ரேடியேட்டர் சின்னது. அதை மாற்ற வேண்டும்.

எனக்குக் கோபம் வருவது அறை அறையாக அளக்காமல் மிஷினை மாட்டிவிட்டுப் போகிறவர்கள் மேல்தான். சுவர் என்ன, ஜன்னல் என்ன, எந்த அறைக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று கணக்குப் போடுவது இந்த வேலையில் பாதி. இங்கேயும் அதே கதைதான். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறைக்கும் கீழ்த்தளத்து அறைக்கும் ஒரே அளவு ஏசியைத் தலையில் கட்டிவிடுகிறார்கள். பிறகு பில் ஏறினால் ஏசி சரியில்லை என்று பேச்சு.

சரி, நம்மூருக்கு இதில் ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. மார்கழியிலும் நாகர்கோவிலில் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். இந்தக் காற்றிலிருந்து சூடு எடுத்துத் தண்ணீர் காய்ச்சுவது ஹீட் பம்புக்கு மிகச் சுலபமான வேலை. ஆனால் எல்லாரும் வாங்குங்கள் என்று சொல்லமாட்டேன். ஒரு வாளித் தண்ணீரைக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர 0.3 யூனிட் போதும். நாலு பேர் இருக்கிற வீட்டில் இரண்டு மாதத்துக்கு எழுபது யூனிட் சொச்சம். அதில் மூன்றில் இரண்டு பங்கை மிச்சம் பிடிப்பதற்காக அவ்வளவு விலை போட்டு ஹீட் பம்ப் வாங்குவது வீண். 500 யூனிட்டை ஒட்டி நிற்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம். அந்தக் கோட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுக்கான சலுகை போய்விடும், ஒரே ஒரு யூனிட் 200 ரூபாய்க்கு மேல் இழுத்துவிடும். அவர்களுக்கும் முதலில் சோலார் ஹீட்டரைத்தான் சொல்வேன்.

லாட்ஜ், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல் கணக்கு வேறு. கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் விடியற்காலையில் ஒரே நேரத்தில் குளிக்கிறார்கள். அறைக்கு ஒரு ஹீட்டர் என்று கரண்டை எரிக்கிற இடங்களில் பொதுவாக ஒரு ஹீட் பம்ப் வைத்தால் போட்ட காசு திரும்பி வரும். சோலார் மட்டும் போதாதா என்று கேட்பார்கள். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் வாங்குகிற மாவட்டம் இது. ஜூனிலும் நவம்பரிலும் வானம் மூடிக்கிடக்கும்போது சோலார் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். ஹீட் பம்புக்கு மழை ஒரு பொருட்டே இல்லை.

வெளிநாட்டில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் பில் படத்தை எனக்கு அனுப்ப வேண்டாம். உங்கள் ஹீட் பம்ப் கண்ட்ரோலரில் எவ்வளவு கரண்டு எடுத்தது, எவ்வளவு சூடு கொடுத்தது என்ற இரண்டு எண்களும் பெரும்பாலும் இருக்கும். அந்த இரண்டையும், தண்ணீர் எத்தனை டிகிரியில் வைத்திருக்கிறீர்கள் என்பதையும் கீழே எழுதுங்கள். வேலை முடிந்து ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் பதில் சொல்கிறேன்.