"தம்பி, ஸ்டார்ட்டு எங்க போச்சு?"

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை என்றால் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, காட்டுமன்னார்கோவில் என்று பல ஊர்களிலிருந்தும் காலை பஸ் பிடித்து வருவார்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, பாதைத் தகராறு என்று அவர்கள் சொல்லச் சொல்ல, கடையில் வேலை பார்க்கும் அக்கா டைப் அடித்துக்கொண்டே போவார். இருபது வருடப் பழக்கம். கண் பாதி நேரம் திரையில் இருக்காது, மனுக்காரர் முகத்தில்தான் இருக்கும்.

கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளான பழைய இயங்குதளத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டதால், போன மாதம் ஒரு ஞாயிறு இரவு சிஸ்டத்தைப் புது பதிப்புக்கு மாற்றினேன். மறுநாள் காலை ஒன்பதரைக்கே அக்காவின் குரல்: "தம்பி, ஸ்டார்ட்டு எங்க போச்சு?" இடது மூலையில் இருந்த பட்டன் நடுவுக்கு வந்திருந்தது. ரைட் கிளிக் செய்தால் காப்பி, பேஸ்ட் எல்லாம் பழைய இடத்தில் இல்லை, சின்னச் சின்னப் படங்களாக மாறியிருந்தன. ஐந்து நிமிடத்தில் முடிகிற மனுவுக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. வரிசை படிக்கட்டைத் தாண்டி வெயிலில் நின்றது. பதினொரு மணி வாக்கில் அக்கா கண் கலங்கிவிட்டார். "எனக்கு வயசாயிடுச்சு போல, தம்பி" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னை இதை எழுத வைக்கிறது. அக்காவின் விரல் எப்போதும் போகிற இடத்துக்குச் சரியாகத்தான் போனது. அங்கே இருந்ததை, அவரை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துவிட்டார்கள். குற்றம் அவர் மேல் வந்து விழுகிறது.

எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. இந்தப் பழக்கம் எல்லாரிடமும் உண்டு. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து 8.1 பதிப்பில் பட்டன் திரும்பி வந்தது. இலவச மென்பொருள் உலகமும் விலக்கில்லை. விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸுக்குத் திரை முகப்பைத் தரும் மென்பொருள் க்னோம். 2011 ஏப்ரலில் அதன் மூன்றாம் பதிப்பான க்னோம் 3 வெளிவந்து, பழகிய மெனு, பேனல் எல்லாம் போனபோது, லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே கோபித்துக்கொண்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறொரு முகப்பின் பக்கம் போனார். அவருக்கும் வயதாகிவிட்டது என்று யாராவது சொன்னார்களா? ஆனால் அங்கே ஒரு வழி இருந்தது. மென்பொருளின் மூல நிரல் யாரும் எடுத்து மாற்றும்படி திறந்து கிடந்ததால், அர்ஜென்டினாவிலிருந்து ஒருவர் பழைய க்னோம் 2ஐ எடுத்துத் தொடர்ந்து வளர்க்க ஆரம்பித்தார். மாட்டே என்று பெயர், அந்த நாட்டுக்காரர்கள் விரும்பிக் குடிக்கும் பானத்தின் பெயர். இன்றைக்கும் அது புது லினக்ஸின் மேல் ஓடுகிறது. உள்ளே புதுசு, வெளியே பழகிய முகம். இரண்டும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நம் தமிழிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி தமிழ்99 விசைப்பலகை தரமாக வந்தது. நல்ல அமைப்பு, நான் அதில்தான் அடிக்கிறேன். அதற்காகப் பழைய டைப்ரைட்டரில் பழகியவர்களை யாரும் துரத்தவில்லை. கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க உதவும் என்எச்எம் ரைட்டர் மென்பொருளைத் திறந்தால் தமிழ்99, பழைய தட்டச்சு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அக்கா இன்ஸ்டிட்யூட்டில் கற்ற கை இன்றைக்கும் சோறு போடுகிறது என்றால் அந்த ஒரு தேர்வு வசதிதான் காரணம். பெரிய நிறுவனங்களிடம் நான் கேட்பதும் அதே அளவுதான். பாதுகாப்புக்காக உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், பூட்டைக் கட்டாயம் புதுசாகப் போடுங்கள். ஆனால் முதல் தடவை திறக்கும்போதே "பழையபடி இருக்கட்டுமா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

சரி, அன்றைக்கு மதியம் செய்ததைச் சொல்கிறேன். அமைப்புகளில் டாஸ்க்பார் (திரையின் அடியில் ஸ்டார்ட் பட்டன் இருக்கும் பட்டை) பகுதிக்குப் போய் இடப்பக்கம் என்று மாற்றியதும் பட்டன் மூலைக்கு வந்துவிட்டது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் பழைய பட்டியலே முழுசாக வருகிறது. தேவையில்லாத செய்திப் பலகையை மூடினேன், மனு ஃபோல்டரை டெஸ்க்டாப்பில் பழைய இடத்திலேயே வைத்தேன். மொத்தம் பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்தை ஞாயிறு இரவே செலவழித்திருக்க வேண்டும். டாஸ்க்பாரைத் திரையின் மேலே வைக்கும் வழி மட்டும் அமைப்புகளில் கிடைக்கவில்லை. அதற்கென்று வெளியார் எழுதிய மென்பொருள்கள் நெட்டில் உண்டு. ஊர்க்காரர்களின் ஆதார் நகல் கிடக்கிற சிஸ்டத்தில் யார் எழுதினார்கள் என்று தெரியாத ஒன்றைப் போட எனக்கு மனம் வரவில்லை. அக்காவும் "அது பரவால்ல தம்பி" என்றுவிட்டார். அடுத்த திங்களன்று வரிசை படிக்கட்டுக்குள்ளேயே நின்றது.

கடலூரில் யாருக்காவது, முக்கியமாக வீட்டில் அப்பா அம்மாவுக்கு, இதே சங்கடம் இருந்தால் சிஸ்டத்தைக் கடைக்குக் கொண்டு வாருங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் இருப்பேன், காசு வேண்டாம். இன்னும் மாற்றாதவர்கள், மாற்றுவதற்கு முன்னால் பழைய டெஸ்க்டாப்பைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எது எங்கே இருந்தது என்று அதைப் பார்த்துத்தான் திரும்ப வைக்க முடியும்.